சத்திரம் இருந்த வழியில்: தனுஷ்கோடி பழைய ரயில் தடமும் நாம் பார்க்க முடியாமல் திரும்பியதும்



சென்ற தை மாதம் நம் சங்கத்தின் சார்பில் ராமேஸ்வரம், தனுஷ்கோடி சுற்றுலா போய் வந்தது நினைவிருக்கும். இரண்டு வேன், 31 பேர். வரவு செலவுக் கணக்கை அந்த வாரமே நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டேன். பைசா வித்தியாசம் இல்லை. ஆனாலும் அந்தக் கணக்கில் ஏறாத ஒரு பாக்கி என் மனதில் இருந்துகொண்டே இருக்கிறது. அதை எழுதத்தான் இந்தக் கட்டுரை. நடுவில் கொஞ்சம் சரித்திரமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் இரண்டாவது பிளாக் பாட்டியை எல்லோருக்கும் தெரியும். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நான்கு கால் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. சுற்றுலாவுக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் அவர். காரணம் கோயில் அல்ல. அவருடைய மூத்த அண்ணன் தனுஷ்கோடியில் ஒரு கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். 1964 புயலுக்குப் பிறகு திரும்பி வரவில்லை. அந்த இடத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று அறுபது வருடமாக ஆசை.

வேன் போய் நின்றது. இடிந்த ஸ்டேஷன் சாலையிலிருந்தே தெரிந்தது. இடையில் இருந்தது மணல் மட்டும்தான். நமக்கு அது இரண்டு நிமிட நடை. பாட்டியின் ஊன்றுகோல் முதல் அடியிலேயே மணலில் புதைந்துவிட்டது. இளைஞர்கள் தூக்கிப் போகிறோம் என்றார்கள். "இருக்கட்டும்ப்பா, இங்கெருந்தே பாத்துக்கிறேன்" என்று வேனில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டார். திரும்பும் வழியில்தான் இன்னொன்று தெரிந்தது. பரமக்குடியில் காபி குடித்ததோடு சரி, அதன் பிறகு பாட்டி ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கழிப்பறை எங்கே இருக்கும், ஏறிப் போகிற மாதிரி இருக்குமா என்று தெரியாததால் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார். விசாரித்தால் நம் பெண்களில் பாதிப் பேர் அதையேதான் செய்திருந்தார்கள். டூர் பொறுப்பாளர் என்ற முறையில் நான் இதை முன்கூட்டி விசாரித்திருக்க வேண்டும். விசாரிக்கவில்லை. தவறு என்னுடையது.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

நம் ஊர் வழியாகப் போன இலங்கைப் பயணம்

தனுஷ்கோடிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். முதலில், 1964இல் நாம் எல்லோரும் ஒரே மாவட்டம். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை எல்லாமே ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. 1985இல்தான் பிரிந்து காமராஜர் மாவட்டம் என்று தனியானோம்.

அதற்கும் முன்னால் ரயில் சம்பந்தம் ஒன்று உண்டு. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை போட்டது 1876இல். நம் ஊருக்கு அப்போது விருதுபட்டி என்று பெயர். சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் அந்தக் காலத்தில் இந்தப் பாதையில்தான் தூத்துக்குடி போய்க் கப்பல் ஏறினார்கள். ஆக, இலங்கைப் பயணிகள் எல்லோரும் நம் ஸ்டேஷனைக் கடந்துதான் போயிருக்கிறார்கள்.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் வழி மாறியது. போட் மெயில் தனுஷ்கோடிக்குப் போனது. அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில், கொழும்பு. சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் ரயில், கப்பல், ரயில் மூன்றும் அடங்கும். தனுஷ்கோடி அதனால் ஊராக வளர்ந்தது. ஸ்டேஷன், சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மாதா கோயில் எல்லாம் அந்த மணல் திட்டில் இருந்தன. சேது ஸ்நானத்துக்கு வந்தவர்களும் அதே ரயிலில் வந்து இறங்கினார்கள்.

வசதி எல்லோருக்கும் ஒன்றுபோல் இருந்தது என்று சொல்ல மாட்டேன். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன நம் பக்கத்து ஏழைகள் மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டு, மருத்துவப் பரிசோதனை முடிந்து, நாள் கணக்கில் காத்திருந்துதான் கப்பல் ஏறினார்கள். முதல் வகுப்புக்காரர்கள் ரயிலிலிருந்து இறங்கி நேரே கப்பலுக்குப் போனார்கள். ஒரு வழி எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்பது வேறு, எல்லோரும் அதில் போக முடிகிறது என்பது வேறு. அந்த வேறுபாடு இன்றைக்கு வந்தது அல்ல.

ஒரே இரவில்

1964 டிசம்பர் 22 இரவு. எனக்கு அப்போது ஆறு வயது. அப்பா வேலை பார்த்த கமிஷன் கடையில் ரேடியோவைச் சுற்றி ஆட்கள் நின்றது மட்டும் மங்கலாக ஞாபகம். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் பிழைக்கவில்லை. ஊரும் போனது. மனிதர் வசிக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு பிறகு அறிவித்தது.

பாம்பன் பாலமும் சிதைந்தது. அதை 46 நாளில் சரிசெய்து ரயிலை ஓட்டிக் காட்டினார் இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன். பின்னாளில் கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ என்று பெயர் வாங்கினாரே, அவர்தான். ஆனால் அந்த ரயில் ராமேஸ்வரம் வரைக்கும்தான். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன தடம் அப்படியே கைவிடப்பட்டது. 2019 மார்ச்சில் ராமேஸ்வரம் - தனுஷ்கோடி இடையே சுமார் 17 கி.மீ. புதிய பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ரயில் இன்னும் வரவில்லை.

ரயில் போனதோடு இன்னொன்றும் போனது. ஒரு ஸ்டேஷன் என்றால் அங்கே குடிதண்ணீர்க் குழாய் இருக்கும், நிழல் இருக்கும், பெஞ்சு இருக்கும், கழிப்பறை இருக்கும், 'அடுத்த வண்டி எப்போ சார்' என்று கேட்க ஓர் ஆள் இருப்பார். இவற்றைப் பராமரிக்கிற செலவு டிக்கெட் காசிலிருந்து வந்தது. ரயில் நின்றதும் அந்த வருமானம் நின்றது. வருமானம் நின்றதும் பொறுப்பாளர் இல்லாமல் போனார்.

அடுத்த அரை நூற்றாண்டு மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிப் போகிற வேன், ஜீப்தான் கதி. 2017 ஜூலையில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் 9.5 கி.மீ. தார்ச்சாலை திறக்கப்பட்டது. அது பெரிய காரியம். அந்தச் சாலை இல்லையென்றால் பாட்டி ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்திருக்க முடியாது. ஆனால் சாலை என்பது வண்டிக்குப் போட்டது. வண்டியிலிருந்து இறங்குகிற மனிதருக்கு வேண்டியது தனிக் கணக்கு.

நின்றுபோன ரயில், நடந்துபோகிற வழி

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ரயில் நின்றுபோன தடங்களை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதையாக மாற்றுவது வெளிநாடுகளில் வழக்கம். அதை 'ரெயில் டிரெயில்' என்கிறார்கள். அமெரிக்காவில் இதற்கு முன்னோடி என்று சொல்லப்படுவது விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய், ஸ்பார்ட்டா என்ற இரண்டு சின்ன ஊர்களுக்கு இடையே உள்ள பாதை. நீளம் சுமார் 52 கி.மீ. கைவிடப்பட்ட அந்தத் தடத்தை மாநில அரசு வாங்கியது 1965இல். நம் தனுஷ்கோடி தடம் அழிந்து சில மாதங்களே ஆகியிருந்த சமயம்.

அதில் என்னைக் கவர்ந்தது பாதை அல்ல. வழியில் கெண்டால் என்று ஓர் ஊர். ஐநூறு பேர்கூட இல்லை. நம் குடியிருப்பைப் போல இரண்டு மூன்று சேர்த்தால் அவ்வளவு ஜனம். அங்கே இருந்த பழைய ரயில் ஸ்டேஷனை இடிக்காமல் பழுது பார்த்து, பாதையின் தலைமை அலுவலகமாகவும் சிறு அருங்காட்சியகமாகவும் வைத்திருக்கிறார்கள். வருகிறவர் முதலில் அங்கே போவார். எவ்வளவு தூரம், சுரங்கப் பாதைக்குள் போக டார்ச் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு கிளம்புவார். நடந்து போகிறவருக்குக் கட்டணம் இல்லை. சைக்கிளில் போகிற பெரியவர்கள் ஒரு பாஸ் வாங்க வேண்டும். அந்தப் பாஸ் காசு பாதைகளின் பராமரிப்புக்குப் போகிறது.

நமக்குப் பழக்கமான ஊர் உதாரணமும் உண்டு. சிங்கப்பூரில் மலாயா ரயில் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு தஞ்சோங் பகார் ஸ்டேஷனிலிருந்து நின்றது. 24 கி.மீ. தடம் இன்று நடைபாதை. 1932இல் கட்டிய புக்கிட் தீமா ஸ்டேஷனைப் புதுப்பித்து 2022இல் திறந்தார்கள். அங்கேயும் இதே முறைதான். போகிற வழியெல்லாம் கடை போடவில்லை. வசதிகளைச் சில இடங்களில் சேர்த்து வைத்துவிட்டு, மற்ற இடத்தை மரத்துக்கும் பறவைக்கும் விட்டுவிட்டார்கள்.

இது நமக்குப் புதிதா?

வெளிநாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், 'முகுந்தராயர் சத்திரம்' என்ற பெயரை நின்று யோசிக்கும் வரை. தனுஷ்கோடி சாலையில் கடைசி நீட்டம் தொடங்கும் இடத்துக்கே சத்திரம் என்று பெயர். நடந்து போகிறவன் தங்கவும், தண்ணீர் குடிக்கவும், விசாரிக்கவும் ஓர் இடம் வேண்டும் என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியாத விஷயமா?

தஞ்சாவூர் மராட்டிய மன்னர்கள் ராமேஸ்வரம் போகும் வழி நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். அவை எப்படி நடந்தன என்பதை இரண்டாம் சரபோஜி மன்னர் 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் விவரமாகச் சொல்கிறது. வருகிற யாத்ரீகர் எந்த ஜாதியானாலும் உணவு உண்டு. சமைத்ததைச் சாப்பிடாதவருக்கு அரிசி, பருப்பாகக் கொடுப்பார்கள். நடு இரவில் மணி அடித்து, சாப்பிடாமல் படுத்தவர் யாராவது உண்டா என்று கேட்பார்கள். உடம்பு முடியாதவருக்கு வைத்தியம், கர்ப்பிணிகளுக்கு உதவி எல்லாம் உண்டு. இத்தனைக்கும் பணம்? ஒவ்வொரு சத்திரத்துக்கும் கிராமங்களை எழுதி வைத்திருந்தார்கள். அந்த வருமானம் வேறு எதற்கும் போகக்கூடாது. நம் பாஷையில் சொன்னால் கார்ப்பஸ் ஃபண்ட். நாட்டையே கம்பெனி எடுத்துக்கொண்ட பிறகும் மன்னர் அந்தக் கடிதத்தை எழுதியது, சத்திரத்துக்கான வருமானம் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்பதற்காக.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டு வண்டியில் சரக்கு ஏற்றிப் போன காலத்தில் வழியில் கொள்ளை பயம் அதிகம். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டைப் பக்கத்து நாடார் வணிகர்கள் ஊருக்கு ஊர் பேட்டை கட்டினார்கள். சுற்றுச்சுவர், உள்ளே வண்டி அவிழ்க்க இடம், கிணறு, இரவு தங்க வசதி. செலவுக்கு மகமை. விற்கிற, வாங்குகிற சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை உறவின்முறைப் பொதுநிதிக்குப் போகும். அதே வழியில் வந்ததுதான் காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலை. வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து நடத்திய பள்ளிக்கூடம். ஆரம்பத்தில் தம் சமூகத்துக்காகத் தொடங்கிய ஏற்பாடுகள்தான். ஆனாலும் பள்ளியின் கதவை எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் திறந்து வைத்தார்கள்.

34 வருடம் வங்கியில் கிளார்க்காகப் பேரேடு எழுதியவன் என்ற முறையில் இவற்றில் எனக்குத் தெரிகிற பொது விஷயம் ஒன்றுதான். கட்டடம் ஒரு தடவைச் செலவு. தண்ணீர், துப்புரவு, விளக்கு, ஆள் ஆகியவை தினச் செலவு. தினச் செலவுக்குத் தின வருமானம் காட்டாத வசதி நிற்காது. சத்திரத்துக்குக் கிராமம், பேட்டைக்கு மகமை, பள்ளிக்குப் பிடி அரிசி, ஸ்டேஷனுக்கு டிக்கெட், கெண்டாலுக்குப் பாஸ். திறப்பு விழா எல்லோரும் நடத்தலாம். மூன்றாவது வருடம் குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதுதான் பரீட்சை. நம் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்துக்காக ஒவ்வொரு பொதுக்குழுவிலும் நாம் போடுகிற சண்டையை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் புரியும்.

என்ன வேண்டும், எங்கே வேண்டும்

தனுஷ்கோடியில் மாளிகை கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது தாங்காது. இரு பக்கமும் கடல். ஆமைகள் முட்டையிடும் கரை. 2025இல் தமிழக அரசு அங்கே சுமார் 525 ஹெக்டேரைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. தவிர, அது நூற்றுக்கணக்கானவர்கள் இறந்த இடம். இன்றும் மீனவர் குடும்பங்கள் வாழ்கிற இடம். நாம் ஒரு நாள் போய்க் குப்பை போட்டுவிட்டு வருகிறோம். அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

அதனால்தான் வசதி முனையில் வேண்டாம், தொடக்கத்தில் வேண்டும் என்கிறேன். முகுந்தராயர் சத்திரம் மாதிரி வழி தொடங்கும் இடத்தில் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால், உள்ளே இருக்கும் கடற்கரை பிழைக்கும். என் கணக்கில் வேண்டியவை இவ்வளவுதான்:

1. சாய்தளமும் கைப்பிடியும் உள்ள கழிப்பறை. அது எங்கே இருக்கிறது, எப்போது திறந்திருக்கும் என்பதை ராமேஸ்வரத்திலேயே சொல்லும் ஒரு பலகை. இருப்பது பாதி வசதி, இருப்பது தெரிவது மீதிப் பாதி.

2. குடிதண்ணீர், நிழல், முதுகு சாய்க்கிற மாதிரி பெஞ்சு.

3. சாலையிலிருந்து பழைய ஸ்டேஷன் வரை மணல் மேல் மரப்பலகைப் பாதை. சக்கர நாற்காலி போகிற அகலம் போதும். தேவையானால் கழற்றி எடுத்துவிடலாம், மண்ணுக்கும் கேடு இல்லை.

4. 1964இல் நடந்ததைத் தமிழில் நான்கு வரியில் சொல்லும் பலகை. நம்மோடு வந்த பிள்ளைகள் பலர் அதை சினிமா எடுக்கும் இடம் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

5. வாகன நிறுத்தக் கட்டணத்தில் ஒரு பங்கு தனிக் கணக்கில். அது மேலே சொன்ன நான்குக்கு மட்டும்.

தீபாவளி முடிந்தால் சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைகளுக்கு விடுமுறை. வருடம் முழுக்க மருந்தோடு வேலை செய்த பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வேன் பிடித்து ராமேஸ்வரம் போகிறார்கள். வருடத்தில் அவர்களுக்குக் கிடைக்கிற வெளியூர்ப் பயணம் அநேகமாக அது ஒன்றுதான். அவர்களும் தண்ணீர் குடிக்காமல்தான் போய் வருகிறார்களா என்று இப்போது யோசிக்கிறேன்.

நம்மால் ஆனது

பலகைப் பாதை போடுவது நம் சங்கத்தின் கையில் இல்லை. மேலே சொன்ன ஐந்தையும் ஒரு மனுவாக எழுதியிருக்கிறேன். அதன் நகல் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. படித்துப் பார்த்து, சம்மதம் இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். மாற்றம் இருந்தால் பென்சிலில் எழுதி வையுங்கள். ராமநாதபுரம் மாவட்ட நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம் என்று செயலாளர் சார் சொல்லியிருக்கிறார்.

வரும் தை மாதம் மறுபடி ஒரு பயணம் போடலாம் என்று இருக்கிறோம். நம் ஊரிலிருந்து அருப்புக்கோட்டை, மானாமதுரை வழியாக ராமேஸ்வரம் போக ரயில் பாதை இருக்கிறது. புதிய பாம்பன் பாலமும் 2025 ஏப்ரலில் திறந்தாகிவிட்டது. நமக்கு ஒத்துவருகிற நேரத்தில் வண்டி கிடைத்தால் இந்தத் தடவை ரயிலில் போவோம், ரயிலில் கழிப்பறைக் கவலையும் இல்லை. அதன் பிறகு உள்ளூர் வேன். இந்த முறை நான் ஒரு வாரம் முன்னால் தனியாகப் போய், கழிப்பறை, தண்ணீர், நிழல், வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டு வருவேன். அந்தக் குறிப்பு பயணத்துக்கு மூன்று நாள் முன்பே உங்கள் கைக்கு வரும்.

மணலுக்கு ஒரு யோசனை முதல் பிளாக் இளைஞர்கள் சொன்னார்கள். ஆறடி நீளத்தில் நான்கு பிளைவுட் பலகை. பின்னால் இருப்பதை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே போனால் சக்கர நாற்காலி ஸ்டேஷன் வரை போய்விடும். நம் பார்க்கிங் ஓரத்தில் கொட்டிக் கிடக்கிற மணலில் போன ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தார்கள். நாற்காலியில் என்னை உட்கார வைத்துத் தள்ளினார்கள். போனது.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சங்க அலுவலக நோட்டில் எழுதலாம். முதல் வரியில் பாட்டியின் பெயரை நானே எழுதிவிட்டேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான்.